பிராண்ட்ஃபோர்ட்: ஊரை விட்டுப் போனவர்களின் ஊர்

அக்டோபர் 10, 2025, வெள்ளி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், நெடுஞ்சாலை 403-லிருந்து பிராண்ட்ஃபோர்ட் ஊருக்குள் இறங்கும் சாலைக்கே வேய்ன் கிரெட்ஸ்கி பெயர்தான். ஐஸ் ஹாக்கியில் அவருக்கு மேல் ஆளில்லை என்று கனடாவில் குழந்தைகூடச் சொல்லும். சற்றுத் தள்ளி இருக்கும் விளையாட்டு மையத்துக்கும் அவர் பெயர். ஆற்றுக்கு மேலே மேட்டில் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் குடும்பத்தின் வீடு. ஊருக்குப் பெயர் வந்ததோ மோஹாக் பழங்குடித் தலைவர் ஜோசப் பிராண்டால். அவர் கிராண்ட் ஆற்றைக் கடந்த துறை இது. 2021 கணக்குப்படி மக்கள்தொகை 1,04,688. இவ்வளவு பேருக்கு இத்தனை பெரிய மனுஷர்களா என்று பஸ்ஸிலேயே எனக்கு ஆச்சரியம் தட்டியது.

இங்கே படிப்பது என் அக்கா மகள். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். டொராண்டோவில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவள் நான், இவளை எட்டிப் பார்க்காமல் ஊருக்குத் திரும்பினால் அக்கா என்னை வாசப்படி ஏற விடமாட்டாள். வந்த இடத்தில் ஒரு நீண்ட விடுமுறை வாரக்கடைசி மாட்டிக்கொண்டது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் காற்று. வெயில் பளிச்சென்று அடிக்கிறது, ஆனால் சுடவில்லை. "ஜாக்கெட்டைப் போடுங்க சித்தி, வெயிலைப் பார்த்து ஏமாறாதீங்க" என்று பாப்பா அதட்டினாள். வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் ஊர்க்காரி தோரணை.

நடு ஊர் வினோதமாக இருக்கிறது. கோல்போர்ன் தெருவில் ஒரு பக்கம் அழகான பழைய செங்கல் கட்டடங்கள். எதிர்ப்பக்கம் புதுசு. அந்தப் பக்கம் இருந்த 41 பழைய கட்டடங்களை 2010-ல் நகராட்சி மொத்தமாக இடித்துவிட்டது. ஒரு காலத்தில் பிராண்ட்ஃபோர்ட் என்றால் விவசாயக் கருவி. மாஸி-ஹாரிஸ், காக்‌ஷட் என்று பெரிய தொழிற்சாலைகள் இருந்தன. 1980-களில் அவை ஒவ்வொன்றாகச் சரிந்தபோது நடு ஊரும் காலியானது. ஆளில்லாத ஊர் ஒன்றைத் தேடிய ஒரு பேய்ப் படக் குழு 2005-ல் இந்தத் தெருக்களில்தான் படம் பிடித்தது. இப்போது கட்டடங்களைப் பிடித்து வைத்திருப்பது கல்லூரிகள். 1999-ல் லாரியர் பல்கலைக்கழகம் பழைய கார்னகி நூலகத்தில் 39 மாணவர்களோடு கிளை திறந்தது. இன்று தெருவில் பாதிப் பேர் முதுகில் பை தொங்குகிறது. அதில் பாதிப் பேர் நம் பிள்ளைகள்.

காபிக் கடையில் பெரிய காபி 2 டாலர் 30 என்று பலகையில் இருந்தது. கல்லாவில் 5 சதவீத வரி ஏறியது. அடுத்த கடையில் சாண்ட்விச்சுக்கு அட்டையைத் தேய்க்கும்போது திரையில் 15, 18, 20 என்று டிப்ஸ் கேட்டது. நின்றுகொண்டே வாங்கிய சாண்ட்விச்சுக்கு எதற்கு டிப்ஸ்? பாப்பா என் விரலை விலக்கிவிட்டு 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். கல்லாவில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே "நானும் அதைத்தான் அழுத்துவேன்" என்றாள்.

ராத்திரி பாப்பாவின் அறையில் ரசம், உருளைக்கிழங்கு வறுவல். அறை வாடகை மாதம் 650 டாலர். மனசுக்குள் 63-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு ரசத்தைக் குடித்தேன். அக்காவிடம் தொகையைச் சொல்லப் போவதில்லை.

அக்டோபர் 11, சனி

தூறல், 8 டிகிரி. குடை விரித்த இரண்டாவது நிமிஷம் பாலத்துக் காற்று அதைப் பூ மாதிரி மேல்நோக்கி மலர்த்திவிட்டது. எதிரே வந்த பெரியவர் நின்று, குடையை வாங்கி, கம்பிகளை ஒவ்வொன்றாக மடக்கிக் கொடுத்துவிட்டு, அவரே "ஸாரி" சொன்னார். காற்றுக்காக மன்னிப்புக் கேட்கும் ஊரை இப்போதுதான் பார்க்கிறேன்.

டுடெலா மேட்டில் பெல் வீடு. வெள்ளை மர வீடு, சுற்றி மரங்கள், பின்னால் செங்குத்தாக இறங்கும் கிராண்ட் ஆற்றங்கரை. பெல் குடும்பம் ஸ்காட்லாந்துக்காரர்கள். காசநோயில் மகன்கள் இரண்டு பேரை வாரிக் கொடுத்தபின், மிச்சமிருந்த ஒரே பிள்ளையையாவது காப்பாற்றலாம் என்று 1870-ல் கப்பலேறி இங்கே வந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு அப்போது 23 வயசு. நல்ல காற்று வேலை செய்தது. தேறியவர் பாஸ்டனுக்குப் போய்க் காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், கோடை விடுமுறைக்கு இங்கே வந்துபோனார். அம்மாவுக்கும் காது சரியாகக் கேட்காது. வீட்டிலும் காது, வேலையிலும் காது.

இந்த வீட்டில் என்னைப் பிடித்து நிறுத்திய சங்கதி டெலிபோன் இல்லை, செத்த மனிதர் ஒருவரின் காது. பாஸ்டன் டாக்டர் ஒருவர் கொடுத்த காதை 1874 கோடையில் பெல் மூட்டைகட்டி இங்கே கொண்டுவந்தார். காதின் எலும்பில் ஒரு வைக்கோல் துரும்பை ஒட்டி, புகை படிந்த கண்ணாடிமேல் அதன் நுனி படும்படி வைத்து, காதுக்குள் பேசினார். பேச்சுக்கேற்ப துரும்பு ஆடி, கண்ணாடியில் அலை அலையாகக் கோடு இழுத்தது. இத்தனூண்டு சவ்வு இவ்வளவு எலும்பை அசைக்கும் என்றால், பெரிய சவ்வு ஓர் இரும்புத் துண்டை அசைக்காதா? டெலிபோன் யோசனை பிறந்தது அங்கேதான். காப்புரிமை 1876 மார்ச்சில், அமெரிக்காவில். பிராண்ட்ஃபோர்ட்டில் கருத்தரித்தது, பாஸ்டனில் பிறந்தது என்று பெல்லே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆனாலும் ஊர்க்காரர்களுக்கு அந்த இரண்டாவது பாதி காதில் விழுவதில்லை. 'டெலிபோன் நகரம்' என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.

1876 ஆகஸ்ட் 10-ம் தேதி ராத்திரி, 13 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாரிஸ் என்ற சின்ன ஊரில் ஒரு செருப்புக்கடையில் பெல் உட்கார்ந்தார். தந்திக் கம்பியின் இந்த முனையில், பிராண்ட்ஃபோர்ட்டில், அப்பாவும் சித்தப்பாவும். முதலில் ஒரே இரைச்சல். கம்பிச்சுருளை மாற்றச் சொல்லித் தந்தி அடித்தார். அப்புறம்தான் குரல் தெளிந்தது. பேச்சு ஒரு திசையில் மட்டும் போகும், பதில் சொல்ல மறுபடி தந்தி. உலகின் முதல் நெடுந்தூர டெலிபோன் பேச்சு என்று அதைச் சொல்கிறார்கள்.

இதைச் சுற்றிக்காட்டிய அம்மாள் விவரமாகச் சொல்லிக்கொண்டிருக்கையில் அக்காவுக்குப் படம் அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். டவர் இல்லை. ஊரில் கிளம்பும்போது 'உலகமெங்கும் வேலை செய்யும்' என்று ஆயிரக்கணக்கில் பிடுங்கிக்கொண்டு ஒருத்தன் தலையில் கட்டிய சிம். டெலிபோன் உருவான வீட்டில் நின்று அதைத் தட்டிக்கொண்டிருந்தேன். "இங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதே பிரச்சினை" என்று அம்மாள் ஆறுதல் சொன்னார். உண்மையோ, மரியாதையோ.

வளாகத்திலேயே இன்னொரு வீடு இருக்கிறது. கனடாவின் முதல் டெலிபோன் அலுவலகமாக ஒரு பாதிரியார் நடத்திய வீடு. ஊருக்குள் இருந்ததைப் பெயர்த்து இங்கே வைத்திருக்கிறார்கள். பழைய சுவிட்ச்போர்டுகள், செருகிகள், தலையில் மாட்டும் கருவிகள். பாப்பாவின் வயசுக்கு அது தையல் மெஷினா என்ன என்றே தெரியவில்லை.

திரும்பும் வழியில் பட்டர் டார்ட். ஒன்டாரியோவின் சொத்து இது. உள்ளங்கை அளவு மாவுக் கிண்ணம், உள்ளே வெண்ணெயும் சர்க்கரையும் முட்டையும் பாகாக உருகி நிற்கும். கடித்தால் பாகு மணிக்கட்டு வரை ஓடும். ஒன்று 3 டாலர் 75. உலர்திராட்சை போட்டதா போடாததா என்று கடைக்காரர் கேட்ட தொனியில், நான் ஏதோ கட்சியில் சேரப் போகிறேன் என்று தோன்றியது. போட்டதை வாங்கினேன். நல்ல கட்சிதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்றைக்குக் கார் கிடைத்தது. பாப்பாவோடு கிடங்கில் பகுதிநேர வேலை பார்க்கும் பஞ்சாபிப் பையன், பழைய கொரோலா. "ஆன்ட்டி, முன்னால உட்காருங்க, பின்னால ஹீட்டர் வராது." பெட்ரோலுக்குக் காசு நீட்டினால் கையைக் கட்டிக்கொள்கிறான்.

முதலில் மோஹாக் தேவாலயம். 1785-ல் கட்டியது. ஒன்டாரியோவில் இன்றுவரை நிற்கும் புராட்டஸ்டன்ட் தேவாலயங்களில் இதுதான் பழசு. நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. ஆனால் நான் பார்க்க வந்தவர் வெளியில்தான் படுத்திருக்கிறார். அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஜோசப் பிராண்ட் பிரிட்டிஷார் பக்கம் சண்டையிட்டார். தோற்ற பக்கம் நின்றதற்கு ஈடாக 1784-ல் ஆறு பழங்குடிகளின் கூட்டமைப்புக்கு கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறாறு மைல் அகலத்துக்கு, ஆறு தோன்றும் இடம் முதல் முடியும் இடம் வரை நிலம் என்று ஆளுநர் ஹால்டிமண்ட் எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு அதில் அவர்கள் கையில் இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. நாங்கள் நின்ற நகரமும் அந்த 95-க்குள் வருவதுதான். பிராண்ட் 1807-ல் பர்லிங்டனில் இறந்தார். 1850-ல் அவர் எலும்புகளை இளைஞர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி இங்கே நடந்தே தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிரபலமானவர்களில் ஊருக்குத் திரும்பி வந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருத்தர்தான். அதுவும் இப்படி.

அங்கிருந்து பக்கத்தில்தான் மோஹாக் இன்ஸ்டிட்யூட். பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, பாஷையை மறக்கடித்து, தோட்டத்திலும் தொழுவத்திலும் வேலை வாங்கிய உறைவிடப் பள்ளி. 1970-ல்தான் மூடினார்கள். 1970! எனக்கு அண்ணன் வயசு உள்ளவர்கள் அங்கே படுத்து எழுந்திருக்கிறார்கள். கட்டடத்தை இடிக்காமல் சாட்சியாக வைத்திருக்கவேண்டும் என்று அங்கே படித்தவர்களே நின்று காப்பாற்றினார்கள். பெரிய செங்கல் கட்டடம், வெள்ளைத் தூண்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஜமீன் மாளிகை என்று சொல்லலாம். ஓயாமல் கஞ்சி போட்டு வளர்த்தார்கள் என்பதால் பிள்ளைகள் அந்த இடத்துக்குக் கஞ்சியை வைத்தே கேலிப் பெயர் வைத்திருந்தார்களாம். பையன் கார் எஞ்சினை அணைக்கவில்லை, யாரும் அணைக்கச் சொல்லவும் இல்லை.

இந்தப் பள்ளியிலிருந்து ஓடிப்போன பையன்களில் ஒருவர்தான் டாம் லாங்போட். 1907-ல் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 24 நிமிஷத்தில் ஓடி ஜெயித்தார். பழைய சாதனையை அவர் நிமிஷக்கணக்கில் உடைத்தார். முதல் உலகப்போரில் பிரான்ஸில் செய்தி கொண்டுபோகும் ஓட்டக்காரர். பிறகு டொராண்டோ நகராட்சியில் தெருத் துப்புரவு வேலை. புகழ் வந்தபின் பள்ளிக்காரர்கள் பேசக் கூப்பிட்டார்களாம். என் நாயைக்கூட அங்கே அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

அடுத்து அந்த ஆறு பழங்குடிகள் இன்று வாழும் நிலமான சிக்ஸ் நேஷன்ஸ், அதன் ஒஷ்வேகன் ஊர்ப் பக்கம். சாலையோரம் சிகரெட் கொட்டகைகள் வரிசையாக. இங்கே பிறந்தவர்களின் பட்டியல் நகரத்துக்குச் சளைத்ததில்லை. 'லோன் ரேஞ்சர்' தொடரில் டோண்டோவாக வந்த ஜே சில்வர்ஹீல்ஸ் இந்த மண். சினிமாவுக்கு முன்னால், வலைமட்டையால் பந்தை எறிந்து ஆடும் லாக்ராஸில் ஆட்டக்காரர். போன மாசம், செப்டம்பர் 1-ம் தேதி, காலமான நடிகர் கிரஹாம் கிரீனும் ஒஷ்வேகன்தான். சூப் கடை ஒன்றின் சுவரில் அவர் படத்துக்குக் கீழே காய்ந்த புல்கொத்து ஒன்று கட்டியிருந்தது.

அந்தச் சூப்பைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். வெள்ளை மக்காச்சோளம், சிவப்பு ராஜ்மா, உப்பில் ஊறிய பன்றி இறைச்சி. ஒரு கிண்ணம் 8 டாலர். சோள மணி ஒவ்வொன்றும் விரல்நுனி அளவுக்கு உப்பி, நடுவில் வெடித்து, மெத்தென்றும் இருக்கிறது, கடிக்கக் கொஞ்சம் வேலையும் கொடுக்கிறது. எப்படி என்று கேட்டேன். கடைக்காரம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். சோளத்தை விறகுச் சாம்பல் கரைத்த தண்ணீரில் கொதிக்கவிட வேண்டும். தோல் தளர்ந்து வழுக்கும். கூடையில் போட்டுத் தண்ணீர் மாற்றி மாற்றி, சாம்பலும் தோலும் போகும்வரை அலச வேண்டும். அதற்கப்புறம்தான் பயறும் கறியும் சேரும். "அவசரப்பட்டால் வயிறு காட்டிக் கொடுத்துவிடும்" என்றார். சூப்பில் காரம் என்பதே இல்லை, உப்பு மட்டும். முதல் கரண்டியில் என்னடா இது என்றிருந்தது. கிண்ணம் காலியானபோது இன்னொன்று வாங்கலாமா என்று பாப்பாவைப் பார்த்தேன். தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த ரொட்டி, 4 டாலர். பஞ்சாபிப் பையன் ஒரு வாய் வைத்ததும் "இது எங்க வீட்டு பட்டூரா!" என்று கத்தினான். கடையே திரும்பிப் பார்த்தது.

சாப்பிட்டுவிட்டு சீஃப்ஸ்வுட். கவிஞர் பாலின் ஜான்சன் 1861-ல் பிறந்த வீடு. அப்பா மோஹாக் தலைவர், அம்மா இங்கிலாந்துக்காரி. உள்ளே போக முடியவில்லை, பூட்டு. ஆனால் இந்த வீட்டைப் பார்க்க உள்ளே போகவே வேண்டியதில்லை. வீட்டுக்கு இரண்டு முகப்பு. ஒன்று ஆற்றைப் பார்த்து, படகில் வரும் சொந்த ஜனத்துக்கு. இன்னொன்று சாலையைப் பார்த்து, வண்டியில் வரும் வெள்ளைக்காரர்களுக்கு. இரண்டும் அச்சு அசல் ஒன்று. எது முன்வாசல், எது பின்வாசல் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்ல முடியக்கூடாது என்றுதான் அப்படிக் கட்டினார்கள். மகள் பெரியவளாகி மேடையேறியபோது நிகழ்ச்சியில் ஒரு பாதிக்கு மான்தோல் உடுப்பு, மறு பாதிக்கு லண்டன் பாணிப் பட்டுக் கவுன். கனடா முழுக்க, இங்கிலாந்திலும் போய் வாசித்தார். 1913-ல் வான்கூவரில் இறந்து அங்கேயே அடக்கம். நான் வீட்டை இரண்டு தடவை சுற்றி வந்தேன். ஈரப் புல்லில் காலுறை வரை நனைந்துவிட்டது. கனடாவில் கான்வாஸ் ஷூ வேலைக்காகாது என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 13, திங்கள்

நன்றி தெரிவிக்கும் நாள். கனடாவில் இது அக்டோபர் இரண்டாம் திங்கள். கடையெல்லாம் அடைப்பு. காலையில் பால் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பி, பெட்ரோல் பங்க்கில் இரண்டு மடங்கு விலைக்கு வாங்கினோம்.

விக்டோரியா பூங்காவில் பிராண்ட் சிலை. கீழே பலகையைப் படித்தால் திறப்புவிழா 1886 அக்டோபர் 13. தற்செயலாக அதே தேதியில் வந்து நிற்கிறோம். எங்களையும் ஒரு அணிலையும் தவிர யாருமில்லை. பிரிட்டிஷ் அரசு கொடுத்த பழைய பீரங்கிகளை உருக்கிச் செய்த சிலை. விழாவுக்குக் கவிதை எழுதியவர் நேற்றுப் பார்த்த வீட்டுப் பெண், 25 வயது பாலின் ஜான்சன். மேடையில் வாசித்தது மட்டும் வேறொருவர்.

அதே 1861-ல், டிசம்பரில், இந்த ஊரில் பிறந்தவர் சாரா ஜெனட் டங்கன். கடைக்காரர் மகள். டொராண்டோவின் 'குளோப்' பத்திரிகையில் முழுநேர வேலைக்குச் சேர்ந்த முதல் பெண். இன்னொரு பெண்ணோடு உலகத்தைச் சுற்றக் கிளம்பியவர் கல்கத்தாவில் ஓர் அருங்காட்சியக அதிகாரியைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டு, கல்கத்தா, சிம்லா என்று எத்தனையோ வருஷம் நம் நாட்டில் இருந்துவிட்டார். அங்கே காசநோய் வந்து, ஒரு கோடை முழுக்கத் தோட்டத்திலேயே கிடக்கச் சொன்னார்கள். அதையும் ஒரு புத்தகமாக்கினார். 1904-ல் பிராண்ட்ஃபோர்ட்டையே வேறு பெயரில் வைத்து நாவல் எழுதினார், சிம்லாக் குளிரில் உட்கார்ந்துகொண்டு. வம்பு, தேர்தல், சந்தை நாள் எல்லாம் அதில் இருக்கிறது. ஊரை எழுத அவ்வளவு தூரம் போகவேண்டியிருந்திருக்கிறது. இந்தியா வந்த இந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் ஊரில் நான் கேட்டவர்கள் நாலு பேரில் ஒருத்தருக்கும் அவர் பெயர் தெரியவில்லை.

ஓவியர் லாரன் ஹாரிஸும் இங்கே பிறந்தவர், 1885. மாஸி-ஹாரிஸில் வருகிற அந்த ஹாரிஸ் குடும்பம். கதிர் அறுக்கும் மெஷின் விற்ற காசில் பனிமலை வரைந்தார். ஏழு ஓவியர்கள் குழுவுக்கு முதுகெலும்பு அவர். 2016-ல் அவரது ஒரு மலை ஓவியம் 1 கோடியே 12 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. தொழிற்சாலை போயிற்று, படம் நிற்கிறது.

மதியம் பாப்பாவின் வீட்டுக்கார அம்மா விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். வான்கோழி, ரொட்டித்தூள் அடைத்த பொரியல், புளிப்பான சிவப்புப் பழக்கூழ், பரங்கிக்காய் இனிப்பு. நாங்கள் எலுமிச்சை சாதமும் ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கும் எடுத்துப்போனோம். முறுக்கைப் பரங்கி இனிப்பில் தொட்டுச் சாப்பிட்டார் அவர் மகன். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம்.

கிரெட்ஸ்கி பேச்சை நான்தான் எடுத்தேன். 894 கோல் சாதனையை இந்த ஏப்ரலில் ரஷ்யாவின் ஒவெச்கின் தாண்டிவிட்டாரே என்றேன். "கோல் போனால் போகட்டும்" என்றார் மகன். மொத்தப் புள்ளி 2,857. அதில் மற்றவர்கள் கோல் போட உதவியது மட்டுமே 1,963. வேறு எந்த ஆட்டக்காரரும் மொத்தமாகச் சேர்த்தும் அந்த உதவிக் கணக்கைத் தொடவில்லை. இதைச் சொல்லும்போது முள்கரண்டியால் மேஜையைத் தட்டிக்கொண்டே சொன்னார். ஆனால் பேச்சில் ஒரு கசப்பும் இருந்தது. கனடாவை 51-வது மாநிலமாக்குவேன் என்று டிரம்ப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் கிரெட்ஸ்கி அவருடைய நண்பராகவே இருந்தது இங்கே பலருக்கு வலித்திருக்கிறது. "அவன் அமெரிக்காவிலேயே இருந்து பழகிட்டான்" என்று பட்டும் படாமல் முடித்தார் அம்மா.

பிறகு அவரே சொன்னார்: "நீ வால்டரைப் பற்றிக் கேளும்மா."

வால்டர், வேய்னின் அப்பா. பெல் டெலிபோன் கம்பெனியில் தொழில்நுட்ப வேலை. இந்த ஊரில் வேறென்ன கம்பெனியில் இருப்பார்! பொதுத் திடலில் பையன் மணிக்கணக்கில் சறுக்கிக்கொண்டிருக்க, காரில் உட்கார்ந்து குளிரில் நடுங்கிச் சலித்துப்போய், வீட்டுக் கொல்லையில் தண்ணீர் தெளித்துப் பனித்திடல் போட்டவர். இனிமேல் சமையலறை ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்ற சொகுசு. காலி பிளாஸ்டிக் பாட்டில்களைத் தடையாக வைத்து, நடுவில் பையனை வளைந்து வளைந்து ஓட்டினார். பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) எங்கே இருக்கிறது என்று பார்க்காதே, எங்கே போகப்போகிறது என்று பார் என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான். இன்றைக்குக் கார்ப்பரேட் ஆட்கள் மேடைக்கு மேடை சொல்லும் வாசகம், பிறந்த இடம் ஒரு கொல்லைப்புறம்.

பத்து வயசில் ஒரே பருவத்தில் வேய்ன் 378 கோல் போட்டார். சந்தோஷப்பட வேண்டிய ஊர் என்ன செய்தது? மற்ற பிள்ளைகளின் பெற்றோர் முணுமுணுத்தார்கள். 1975-ல் டொராண்டோவின் பெரிய அரங்கில் பிராண்ட்ஃபோர்ட் நாள் என்று ஆட்டம் நடந்தபோது சொந்த ஊர்க்காரர்களே அவரைக் கூச்சலிட்டு இளக்காரம் செய்தார்கள். 14 வயசில் பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு டொராண்டோவுக்குப் போனார். இதை அம்மா சொல்லும்போது மகன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அந்தப் பையன் பெயரில் நெடுஞ்சாலை இறங்குகிறது. எனக்கு இந்த ஊர் புரியத் தொடங்கியது இங்கேதான். இருக்கும்போது தாங்கமாட்டார்கள், போனபின் பலகை நடுவார்கள். எந்த ஊர்தான் அப்படி இல்லை.

வால்டர் போகவில்லை. மகன் புது வீடு வாங்கித் தருகிறேன் என்றபோதும் அதே வீட்டில் இருந்தார். வெளியூர்க்காரர்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தால் உள்ளே கூப்பிட்டு, கீழ்த்தள அறையில் இருக்கும் கோப்பைகளைக் காட்டுவார். 1991-ல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் பிழைத்தார். ஆனால் சுமார் பத்து வருஷ நினைவு அழிந்துபோயிற்று. ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வேய்ன் தூக்கிய வருஷங்களெல்லாம் அதில் அடக்கம். உலகமே பார்த்ததைப் பெற்றவருக்கு மட்டும் பார்த்த ஞாபகம் இல்லை. அதற்கப்புறமும் இருபது வருஷத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். 2021 மார்ச்சில் இறந்தபோது கோவிட் காலம். தேவாலயத்துக்குள் போக முடியாத ஜனம் ஹாக்கி மட்டையோடு தெருவில் நின்றது. அந்த வரிசையில் தானும் நின்றதாக அம்மா சொன்னார். "வேய்னை டிவியில் பார்த்தோம். வால்டரை மளிகைக் கடையில் பார்த்தோம்."

வான்கோழி மிச்சத்தைக் கட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லப் பழகாத நாங்கள் இரண்டு டப்பாவோடு மாடியேறினோம்.

அக்டோபர் 14, செவ்வாய்

காலை 2 டிகிரி. புல்லில் வெள்ளையாக உறைபனி. மதிய பஸ்ஸுக்கு முன்னால் விளையாட்டு மையத்தை ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

வழியில் பாப்பா விட்டுப்போன ஆட்களைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்றை 1938-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பிரீபஸோடு சேர்ந்து செய்த ஜேம்ஸ் ஹில்லியர் இந்த ஊர்ப் பிள்ளை. வைரஸைக் கண்ணால் பார்க்க வழிசெய்த வகைக் கருவி. அவரும் அமெரிக்கா போய்விட்டார். சிம்ப்சன்ஸ் கார்ட்டூனில் அரைகுறை வக்கீலுக்குக் குரல் கொடுத்த ஃபில் ஹார்ட்மன் 1948-ல் இங்கே பிறந்து, சின்ன வயசிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா. "அவரை எல்லாம் கணக்கில சேர்க்கலாமா சித்தி, பாதிப் பள்ளிக்கூடம்கூட இங்க முடிக்கலை" என்றாள். பிறந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு உரிமை உண்டு என்றேன்.

உள்ளே பனித்திடலில் ஏழெட்டு வயசுப் பிள்ளைகள். விழுந்து எழுந்து விழுந்து எழுந்து. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு அப்பா, கையில் காபி. எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். உடனே கிரிக்கெட் பற்றிப் பேசியது மரியாதைக்குத்தான், ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். உங்கள் பையனும் கிரெட்ஸ்கி ஆவானா என்றேன்.

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். சறுக்குக் காலணி 200 டாலர், வருஷத்துக்கு வருஷம் கால் வளர்கிறது. மட்டை 120. தலைக்கவசம், நெஞ்சுக் கவசம், முழங்கால் கவசம். திடல் வாடகை. வெளியூர் ஆட்டம் என்றால் ஓட்டல், பெட்ரோல். "டெலிபோன் கம்பி இழுக்கிற ஆள் சம்பளத்தில் இன்றைக்கு இது நடக்காது" என்றார். அவரே இன்டர்நெட் கம்பெனியில் கம்பி இழுப்பவர்தானாம்.

அதற்குள் அவர் பையன் கண்ணாடியைத் தட்டினான். ஒரு கையுறையைக் காணோம். காபியை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.